மாளிகையும் முழங்காலும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஆங்கிலப் புத்தகக் கடைகளில் தனி அலமாரி போட்டு விற்கப்படும் கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களிலோ, ரயில்வேப் பணத்தில் கொழித்த நியூயார்க் குடும்பங்களிலோ நடக்கும் கதைகள் இவை. நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் அடைவதற்கு முன்பு கடவுளோடு ஒரு கணக்கைத் தீர்த்துக்கொண்டாக வேண்டும் என்பது இவற்றின் இலக்கணம். அந்த ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதும் அதைப் பற்றியே.

"இயேசு பிறந்தது மாட்டுத்தொழுவத்தில், இந்த நாவல்களின் நாயகிகளோ சலவைக்கல் மாளிகைகளில் பிறக்கிறார்கள். விசுவாசத்தைப் பேசும் கதைக்குப் பணக்கார வீடுதான் வேண்டுமா?" – வாசகி, நாகர்கோவில்

சரவிளக்கையும் பட்டுக் கவுனையும் பார்க்கும் ஆசை வாசகர்களுக்கு உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. எனக்கும் உண்டு. ஆனால் கதைத்தொழில் சார்ந்த வேறொரு காரணமும் இருக்கிறது. ஏழைப் பெண்ணின் காதலுக்குக் குறுக்கே நிற்பவை பசியும் கடனும். அவற்றை எதிர்த்து அவள் ஜெபிப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பணக்கார வீட்டிலோ காதலுக்குக் குறுக்கே நிற்பது சொத்து, பட்டம், குடும்பப் பெயர். அவற்றைத் துறந்தால்தான் காதல் கைகூடும், அல்லது மனசாட்சி அமைதி அடையும் என்ற நிலை வரும்போது, நாயகி இத்தனை நாள் வாயால் சொல்லிவந்த ஜெபத்துக்கு ஒரு விலை சொல்லப்படுகிறது. நித்திய ஜீவனைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்து, உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற பதிலைக் கேட்டதும் துக்கத்தோடு திரும்பிப் போன ஐசுவரியமுள்ள வாலிபனை மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் படித்திருப்பீர்கள். அவன் மறுநாள் திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியில்தான் இந்த வகை நாவலின் உயிர் இருக்கிறது.

எனவே இத்தகைய நாவலைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: விசுவாசத்துக்காக இந்தக் கதாபாத்திரம் எதைக் கொடுத்தது? நாயகி எல்லாவற்றையும் துறந்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் யாரோ ஒரு பெரியப்பாவின் உயிலால் இரட்டிப்பாகப் பெற்றுக்கொண்டால், அந்த ஆசிரியர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்றே கொள்ளுங்கள். யோபுவுக்குக் கிடைத்ததே என்று வாதாடலாம். யோபுவின் கதையில் நாற்பது அதிகாரம் புலம்பலும் வாதமும் இருக்கின்றன. இங்கே பெரும்பாலும் நான்கு பக்கம்கூட இருப்பதில்லை.

"இந்த வகைக் கதையை முதலில் எழுதியவர் யார்?" – வாசகர், திருச்சி

முதல் ஆள் இவர்தான் என்று இலக்கியத்தில் கையைக் காட்டுவது ஆபத்தான வேலை. ஆனாலும் ஹன்னா மோர் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளரின் பெயரைத் தவிர்க்க முடியாது. 1808இல், 'மனைவியைத் தேடும் சீலெப்ஸ்' என்று பொருள்படும் தலைப்பில், ஆசிரியர் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட நாவலில், பெற்றோரை இழந்த வசதியான இளைஞன் ஒருவன் வீடு வீடாகச் சென்று, கல்வியும் பக்தியும் உள்ள பெண்ணைத் தேடுகிறான். இன்று படித்தால் பிரசங்கமே மிகுதியாகத் தெரியும். அன்று பதிப்புக்குமேல் பதிப்பாக விற்றது.

நாவலைவிட அவருடைய வாழ்க்கை சுவையானது. அவருக்கு இளமையில் நிச்சயிக்கப்பட்டவர் டர்னர் என்ற நிலக்கிழார். ஆறு ஆண்டுகளில் மூன்று முறை திருமணத் தேதி தள்ளிப்போடப்பட்டு, முடிவில் நிச்சயம் முறிந்தது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 200 பவுன் அவருக்குக் கிடைக்கும்படி டர்னர் ஏற்பாடு செய்தார். முதலில் மறுத்தவர் பிறகு பெற்றுக்கொண்டார். அந்தப் பணம் கொடுத்த சுதந்திரத்தில்தான் அவர் எழுத்தாளரானார். திருமணம் செய்துகொள்ளவே இல்லை. நல்ல மனைவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நாட்டுக்கே பாடம் நடத்தியவர், மணமேடைக்கு வராத ஒரு மாப்பிள்ளையின் பணத்தில் வாழ்ந்தார் என்பதை எந்த நாவலாசிரியரும் துணிந்து கற்பனை செய்ய மாட்டார்.

"பிரபுக்களின் நடுவே வாழ்ந்துகொண்டு, உண்மையான விசுவாசியாகவும் இருந்து, காதலித்து மணந்தவர் என்று வரலாற்றில் ஒருவரையாவது காட்ட முடியுமா?" – வாசகி, மதுரை

வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தவரேதான். ஹல் நகரத்து வணிகக் குடும்பத்தின் செல்வ மகன். இளம் வயதிலேயே நாடாளுமன்ற உறுப்பினர். லண்டனின் நாகரிகக் கிளப்புகளில் சீட்டாடியவர், பாடியவர். 1785ஐ ஒட்டி மனம் திரும்பியபோது கிளப்புகளிலிருந்து விலகினாரே தவிர, அரசியலைவிட்டு விலகவில்லை.

1797 ஏப்ரலில் அவர் எழுதிய புத்தகம் ஒன்று வெளியானது. மேல்தட்டிலும் நடுத்தட்டிலும் கிறிஸ்தவர் என்று பெயரளவில் சொல்லிக்கொள்வோரின் பக்தி எவ்வளவு வெறுமையானது என்று விவரித்த நூல் அது. அதே மாதம் பாத் நகரில் பார்பரா ஸ்பூனர் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். முப்பத்தேழு வயது வரை மணமுடிக்காமல் இருந்தவர், சந்தித்த சுமார் எட்டு நாளில் தம் விருப்பத்தை எழுதி அனுப்பிவிட்டார். பொறுத்திரும் என்று நண்பர்கள் சொன்னது காதில் ஏறவில்லை. மே 30ஆம் தேதி திருமணம் முடிந்தது. ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். நாவலாசிரியர் ஒருவர் இதையே எழுதியிருந்தால், இவ்வளவு வேகம் நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் கடிந்திருப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்திருப்பேன்.

"நியூயார்க் பணக்காரர்கள் உண்மையிலேயே பக்தியுள்ளவர்களா, அல்லது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனது புதுத் தொப்பியைக் காட்டத்தானா?" – வாசகர், பாளையங்கோட்டை

இரண்டும்தான்; அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல நாவலுக்கு இடம் இருக்கிறது. 1846இல் பிராட்வே சாலையில் கிரேஸ் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டபோது, உள்ளே இருக்கைகள் விற்பனைக்கு வந்தன. ஆம், விலைக்கு. நகரத்தின் முன்னாள் மேயரான ஃபிலிப் ஹோன் தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார்: சில இருக்கைகள் 1,200 முதல் 1,400 டாலர் வரை போயின, அதற்கு மேல் மதிப்பில் 8 சதவீதம் ஆண்டு வாடகை. மீனவர்களும் கைத்தொழிலாளர்களும் நமக்குக் கொண்டுவந்து சேர்த்த தேவ வசனத்தைக் கேட்க இங்கே வரும் கனவான்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏறத்தாழ மூன்று டாலர் செலவாகும் என்று அவர் கணக்குப் போட்டார். கேலியாகத்தான் எழுதினார்.  பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இடத்தையும், கந்தை உடுத்தவனுக்குக் காலடியையும் காட்டாதீர்கள் என்ற யாக்கோபின் நிருபம் அதே பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டிருக்கும்; அப்போது அந்தக் கனவான்கள் எந்தப் பக்கம் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

அந்த ஆலயத்தில் ஐசக் பிரவுன் என்றொரு பணியாளர் இருந்தார். நம் ஊரில் கோயில்பிள்ளை என்போமே, அந்த வேலை. பருத்த உடம்பு, உரத்த குரல். ஆலயத் திருமணங்களையும் அடக்க ஆராதனைகளையும் ஒழுங்கு செய்தவர், நாளடைவில் பணக்கார வீட்டு விருந்துகளையும் ஒழுங்கு செய்யத் தொடங்கினார். யாரை அழைக்க வேண்டும், யாரைத் தவிர்க்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். விருந்தில் நடனமாட இளைஞர்கள் குறைந்தால், பார்வைக்கு நன்றாக இருக்கும் பையன்களை அவரே தேடிப் பிடித்து அனுப்பினார். ஆலயக் கதவின் சாவியும் சமூகக் கதவின் சாவியும் ஒரே ஆளின் இடுப்பில் தொங்கின. இப்படி ஒரு பாத்திரம் இருக்க, நாவலாசிரியர்கள் திரும்பத் திரும்பச் சலிப்பூட்டும் சமையற்காரியையே நகைச்சுவைக்கு அழைப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1883இல் புனித ஜார்ஜ் ஆலயத்துக்குக் குருவானவராக வர வில்லியம் ரெய்ன்ஸ்ஃபோர்டு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, இருக்கைகள் அனைத்தும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட வேண்டும் என்பது. அந்த ஆலயத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர் வங்கி அதிபர் ஜே.பி. மார்கன். நிபந்தனை ஏற்கப்பட்டது, குருவானவரோடு பல முறை மோதினாலும் மார்கன் அவருக்குத் துணையாகவே நின்றார். 1893இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் நகரம் வேலையின்றித் தவித்துக்கொண்டிருந்தபோது, பிராட்லி மார்ட்டின் தம்பதியர் 1897 பிப்ரவரி 10 அன்று வால்டார்ஃப் ஹோட்டலில் பழைய அரசவை உடைகளில் ஒரு மாபெரும் நடன விருந்து நடத்தினார்கள். துணி, பூ, நகை வியாபாரிகளுக்கு வேலை கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். விருந்துக்கு முன்பே அதைக் கண்டித்துப் பேசியவர் இதே ரெய்ன்ஸ்ஃபோர்டு. தம் சபையார் போகாமலிருப்பதே நலம் என்றார். அழைப்பிதழ் மேசைமேல் இருக்கிறது, உடை தைத்து வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை குருவானவர் இப்படிச் சொல்கிறார்: ஒரு நாயகிக்கு இதைவிட நல்ல சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் வேறு எங்கே கிடைக்கும்?

"ஆலயத்தில் சந்தித்து, அங்கேயே காதல் மலர்ந்து மணந்ததாக நாவல்களில் வருகிறது. பெருஞ்செல்வர் வீட்டில் இது நடந்திருக்குமா?" – வாசகி, தூத்துக்குடி

நடந்தது. 'கமடோர்' என்று அழைக்கப்பட்ட ரயில்வே அதிபர் வாண்டர்பில்ட்டின் பேரனான இரண்டாம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட்டும் ஆலிஸ் க்வின்னும் அறிமுகமானது நியூயார்க் புனித பர்த்தலமேயு ஆலயத்தில். இருவரும் அங்கே ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள். 1867இல் மணந்தார்கள். கார்னீலியஸ் பெயருக்குப் பக்தராக இருந்தவரல்ல. ரயில்வே ஊழியர்களுக்கு ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் கட்டிக் கொடுத்தவர், சபைக் காரியங்களில் நேரம் செலவிட்டவர். அவரே நியூபோர்ட் கடற்கரையில் 'பிரேக்கர்ஸ்' என்ற கோடைக்கால வீட்டையும் கட்டினார். 1895இல் முடிந்த அந்த வீட்டில் 70 அறைகள். அந்த வட்டாரத்தில் அதற்குக் 'குடிசை' என்று பெயர்.

நாவலாசிரியர்கள் இவ்விடத்தில் 'சுபம்' போட்டுவிடுவார்கள். வரலாறு போடவில்லை. அவர்களுடைய மகன், வீட்டில் நீலி என்று அழைக்கப்பட்டவர், தம்மைவிட மூத்தவளான கிரேஸ் வில்சன் என்ற பெண்ணை விரும்பினார். பெற்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். 1896 கோடையில் அந்தச் சச்சரவுக்கு நடுவே தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. ஆகஸ்டில், பெற்றோர் இல்லாமலேயே திருமணம் நடந்தது. 1899இல் தந்தை இறந்து உயில் பிரிக்கப்பட்டபோது, பெருஞ்சொத்து இளைய மகன் ஆல்ஃபிரடுக்குப் போயிருந்தது. நீலிக்கு ஐந்து லட்சம் டாலரும், பத்து லட்சம் டாலர் அறக்கட்டளையிலிருந்து வரும் வருமானமும் மட்டுமே. ஆல்ஃபிரட் தம் பங்கிலிருந்து அண்ணனுக்கு ஏறத்தாழ அறுபது லட்சம் டாலர் கொடுத்தார். இருந்தும் உறவு ஒட்டவில்லை.

ஞாயிறு பள்ளியில் தாமாகவே துணையைத் தேடிக்கொண்ட தந்தை, மகன் அதையே செய்தபோது ஏன் பொறுக்கவில்லை? வெறும் பண ஆணவம் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்ட பெண்ணிடமிருந்து மகனைக் காப்பது தம் கிறிஸ்தவக் கடமை என்று அவர் மனதார நம்பியிருக்கவும் கூடும். வில்லன் முழங்காலில் நின்று ஜெபிப்பவனாகவும் இருக்கும்போதுதான் இந்த வகை நாவல் வயது வந்தோருக்கான நாவலாகிறது.

"விருப்பமில்லாத பெண்ணைப் பணத்துக்கும் பட்டத்துக்கும் கட்டி வைப்பது கதையில் அடிக்கடி வருகிறது. மிகையாக இருக்கிறதே?" – வாசகர், கோயம்புத்தூர்

மிகையில்லை. மேலே சொன்ன கார்னீலியஸின் தம்பி மகள் கான்சுவேலோ வாண்டர்பில்ட்டின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ஆல்வா, மகளை டச்சஸ், அதாவது டியூக் என்னும் உயர்ந்த பிரபுவின் மனைவி, ஆக்குவது என்று முடிவு செய்துவிட்டார். மகளோ வின்த்ராப் ரதர்ஃபர்டு என்பவரை விரும்பினாள். நியூபோர்ட்டில் அவர்களுடைய 'மார்பிள் ஹவுஸ்' மாளிகை, ஐந்து லட்சம் கன அடி சலவைக்கல் இழைத்துக் கட்டப்பட்டது. அந்த வீட்டில் மகள் காவலில் வைக்கப்பட்டதுபோல் இருந்தாள். கடிதங்கள் போய்ச் சேரவில்லை, விருந்தினர் சந்திக்கவில்லை. நீ பிடிவாதம் பிடித்தால் அம்மாவின் இதயம் நின்றுவிடும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. (இந்த உத்தி நியூபோர்ட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) மார்ல்பரோவின் ஒன்பதாவது டியூக், அந்த வீட்டின் இருண்ட கோத்திக் அறையில் அவளிடம் சம்மதம் கேட்டார்.

1895 நவம்பர் 6 அன்று ஐந்தாம் அவென்யூ புனித தாமஸ் ஆலயத்தில் திருமணம். மணமகளுக்கு வயது பதினெட்டு. அழுது வீங்கிய முகத்தைச் சீர்செய்ய நேரமானதால் இருபது நிமிடம் தாமதமாக வந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதினார். மணமகனுக்குச் செட்டில்மென்ட்டாகக் கிடைத்தது 25 லட்சம் டாலர் மதிப்புள்ள பீச் க்ரீக் ரயில்வேப் பங்குகள்; அவற்றின் வருமானத்துக்கு நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே உத்தரவாதம். டியூக்கின் பிளென்ஹைம் அரண்மனையின் கூரை ஒழுகாமலிருக்க ஒரு பெண்ணும் ஒரு ரயில் கம்பெனியும் தேவைப்பட்டார்கள் என்பதே சுருக்கம்.

இரண்டு மகன்கள் பிறந்தார்கள், 1906இல் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள், 1921இல் விவாகரத்து. அதே ஆண்டு கான்சுவேலோ, ழாக் பல்சான் என்ற பிரெஞ்சுக்காரரை மணந்தார். கதையின் கிறிஸ்தவப் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. பல்சானின் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். டியூக்கும் கத்தோலிக்க மதத்தில் சேர முனைந்திருந்தார். எனவே முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று அறிவிக்கும்படி கத்தோலிக்கத் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அங்கே சாட்சி சொல்ல வந்தார் ஆல்வா. தம் மகளைத் தாமே கட்டாயப்படுத்தியதாகவும், மகளின் விருப்பத்தைத் தாம் பொருட்படுத்தவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் அதிகாரத்தால் மகளை மணமேடைக்கு அனுப்பிய தாய், அந்த அதிகாரத்தைத் தாமே குற்றமாக அறிவித்து அவளை விடுவித்தார். மணப்பெண் சொன்ன 'சம்மதம்' சம்மதமே அல்ல என்று 1926இல் ரோமாபுரி தீர்ப்பளித்தது. தம் சபையின் ஆலயத்தில் நடந்த திருமணத்தை வேறொரு சபை எப்படிச் செல்லாது என்று சொல்லலாம் என்று நியூயார்க்கின் எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) பேராயர் வில்லியம் மானிங் கொதித்தெழுந்தார்.

இந்தச் சாட்சியக் காட்சிக்கு இணையாக நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. பாவ அறிக்கை என்பதை இவ்வகை நாவல்கள் காதலர்களுக்கே ஒதுக்கிவிடுகின்றன. அம்மாக்களுக்கும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம்.

"இங்கிலாந்துக் கதைகளில் 'சிறப்பு உரிமம்', 'கிரெட்னா கிரீன்' என்று வருகின்றனவே, அவை என்ன?" – வாசகி, திண்டுக்கல்

நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதை அறிவீர்கள். 1754இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் இங்கிலாந்தில் அதைச் சட்டபூர்வமான நிபந்தனையாக்கியது. பங்கின் (அந்த வட்டாரத்துச் சபையின்) ஆலயத்தில் மூன்று ஓலை, அல்லது பேராயரிடம் வாங்கும் உரிமம். இரண்டில் ஒன்று இல்லாத திருமணம் செல்லாது. பெருமைக்காரக் குடும்பங்கள் தங்கள் பெண்ணின் பெயர் ஊரார் காதில் மூன்று வாரம் விழுவதை விரும்பவில்லை. ஆகவே உரிமம் வாங்கினார்கள். அதிலும் உயர்ந்தது சிறப்பு உரிமம்: கேன்டர்பரி பிரதம பேராயர் மட்டுமே வழங்குவார், அது கையில் இருந்தால் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்கலாம். மற்ற எல்லோரும் காலை எட்டு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் இடையில் ஆலயத்தில்தான் மணந்தாக வேண்டும். 1886இல்தான் அது பிற்பகல் மூன்று வரை நீண்டது. எனவே 1815இல் மெழுகுவர்த்தி ஒளியில் சாதாரணப் பங்கு ஆலயத்தில் மாலைத் திருமணம் நடத்தும் நாவலாசிரியர் சட்டத்தைப் பார்க்கவில்லை என்று அறிக.

இருபத்தொரு வயது நிரம்பாதவர் தந்தையின் ஒப்புதலின்றி உரிமத்தின் பேரில் மணந்தால், அது செல்லாமற்போயிற்று. ஸ்காட்லாந்தில் அன்று இந்தச் சட்டம் இல்லை. சாட்சிகள் முன் இருவரும் கணவன் மனைவி என்று சொன்னாலே போதும். எல்லையைத் தாண்டியதும் வரும் கிராமம் கிரெட்னா கிரீன்; பெற்றோர் சம்மதிக்காத காதலர்கள் அங்கே ஓடினார்கள். 1856இல் இருபத்தொரு நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற விதி வந்ததும் அந்த ஓட்டத்தின் வேகம் தணிந்தது.

நாவல்கள் கவனிக்காத ஒரு விவரத்தையும் சொல்கிறேன். மதப் பிரிவுகளில், குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் மட்டுமே அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. கத்தோலிக்கராக இருந்தாலும், ஆங்கிலிக்கன் சபை என்னும் அரசு சபையை ஏற்காத பிற கிறிஸ்தவராக இருந்தாலும், சட்டப்படி செல்ல வேண்டுமானால் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் ஆங்கிலிக்கன் குருவானவர் முன்புதான் மணக்க வேண்டும். 1836ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இதுவே நிலை. பிரபுவின் மகனைக் காதலிக்கும் பாப்திஸ்து வியாபாரியின் மகள், தன் தந்தையின் சபை ஒப்புக்கொள்ளாத ஒரு ஜெபப் புத்தகத்தின் சொற்களில்தான் தன் வாக்குறுதியைச் சொல்ல முடியும். ஒரு முழு நாவலுக்கான நெருக்கடி இது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

"அவிசுவாசியான நாயகன் கடைசி அத்தியாயத்தில் மனம் திரும்புவது ஒரு சடங்காகிவிட்டதே?" – வாசகர், வேலூர்

ஆகிவிட்டது. 'அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக' என்ற வசனம் இந்த வகை நாவலின் கதவுக்குப் போட்ட பூட்டு. நாயகன் மனம் திரும்பாமல் திருமணம் இல்லை. திருமணம் இல்லாமல் நாவல் இல்லை. ஆகவே 290ஆம் பக்கத்தில் அவன் மனம் திரும்பியாக வேண்டும். அவன் கடவுளைத் தேடினானா, பெண்ணைத் தேடினானா என்று நாயகியே சந்தேகப்படுகிற ஒரு காட்சியை வைத்தால் பாதி நோய் குணமாகும். அவன் மனம் திரும்பிய பிறகும் அவள் மறுத்து, அதன் பின்னும் அவன் விசுவாசத்தில் நிலைத்திருந்தால் மீதிப் பாதியும் குணமாகும்.

"நான் 1880களின் இங்கிலாந்துப் பிரபு வீட்டைக் களமாக வைத்து இத்தகைய நாவல் ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். நாயகி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. எவற்றில் கவனம் வேண்டும்?" – வாசகி, சென்னை

முதலில் பணம். 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து, டிரஸ்டிகள் வசம் செட்டில்மென்ட்டாக எழுதி வைக்கப்படாவிட்டால், பெரும்பாலும் கணவனின் கைக்குப் போயிற்று. உங்கள் கதை 1881இல் நடக்கிறதா, 1884இல் நடக்கிறதா என்பதைப் பொறுத்து வில்லனின் திட்டமே மாறிவிடும். அடுத்தது பேச்சு. பிரபு வீட்டுப் பெண்கள் பைபிள் வசனங்களை வேதாகமத் தமிழிலேயே சொல்லட்டும். மற்றப் பேச்சு இயல்பான எழுத்துத் தமிழில் இருக்கட்டும். எல்லோரும் எப்போதும் 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்றால் மாளிகை போய் மன்றாட்டுக் கூட்டம் வந்துவிடும்.

மூன்றாவது, குடும்ப ஜெபம். காலை உணவுக்கு முன் மணி அடிக்கும். வீட்டு எஜமானர் வேதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலைக்காரர்கள் படிநிலை மாறாமல் வரிசையாக உள்ளே வருவார்கள்: வீட்டுப் பொறுப்பாளர் அம்மாளும் பட்லரும் முதலில், பாத்திரம் தேய்க்கும் சிறுமி கடைசியில். வாசிப்பு முடிந்ததும் எல்லோரும் திரும்பி, நாற்காலியிலோ பெஞ்சிலோ முகம் புதைத்து முழங்கால்படியிடுவார்கள். குடும்பத்தாருக்கு மெத்தை வைத்த நாற்காலி. வேலையாட்களுக்கு மரப் பெஞ்சு. பிள்ளைகளின் ஆசிரியை இரண்டிலும் சேராதவள். அவள் எதன் முன் முழங்கால்படியிடுகிறாள் என்பதை முதல் அத்தியாயத்தை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.